பௌர்ணமியன்று வந்த கோபம்

வேங்கிக்காலில் வசிப்போர்க்குப் பௌர்ணமி நாளன்று தனிக் கணக்கு உண்டு. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை நாடி மக்கள் வெள்ளம் திரளும் அந்நாளில் பேருந்துகள் நகருக்கு வெளியே தற்காலிக நிலையங்களிலேயே நின்றுவிடும். அத்தகைய ஒரு நாளில், மகளின் கல்லூரிக் கட்டணத்திற்காக வேலூரில் கடன் கேட்டு, வெறுங்கையுடன் திரும்பினேன். எஞ்சிய தொலைவை நடந்தே கடந்து, அஸருக்குப் பிந்திய மதரஸா வகுப்பில் தாமதமாக நுழைந்தேன்.

ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் ஓதுகையில் ஒரே இடத்தில் மும்முறை தடுமாறினான். நான் இரைந்த இரைச்சலில் வகுப்பே உறைந்தது. பிரம்பைத் தொடவில்லை என்பது உண்மைதான். ஆயினும் மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

மஃரிபுக்குப் பின் அவன் இல்லம் சென்றேன். "காய்ச்சல் எதுவுமில்லை ஹஜ்ரத். உங்களைக் கண்டுதான் அஞ்சுகிறான்" என்றார் அவன் தாயார். அச்சொல்லைக் கேட்டு நான் நின்ற நிலையை எழுத்தில் வடிக்க இயலாது. கதவின் பின் ஒளிந்திருந்த அப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன்.

1936-ஆம் ஆண்டில் ஹான்ஸ் செல்யே என்னும் அறிஞர் எலிகளை ஆராய்ந்து ஓர் உண்மையை வெளியிட்டார். குளிர், காயம், நஞ்சு என எத்துன்பம் நேரினும் உடல் ஏறத்தாழ ஒரே விதமாகவே எதிர்வினை புரிகிறதாம். பட்டப்படிப்பில் வரலாறு பயின்ற எனக்கு இது பிற்காலத்தில் படித்தறிந்த செய்தி. கடன் தர மறுத்தவரையும் தடுமாறிய சிறுவனையும் என் உடல் பிரித்தறியவில்லை. வேலூரில் சுரந்த அட்ரினலின் வேங்கிக்காலில் வெடித்தது.

சினமுற்றவர் நின்றால் அமரட்டும், அதிலும் தணியாவிடில் படுக்கட்டும் என்ற கருத்துள்ள நபிமொழி அபூதாவூதில் உள்ளது. அதனை அதே வகுப்பில் பலமுறை கற்பித்தவனும் நானே! இன்று நிறுவனங்கள் இதனை மென்திறன் என்று பெயரிட்டுக் கட்டணம் பெற்றுப் பயிற்றுவிக்கின்றன. பயிற்றுவிக்கட்டும், குறையொன்றுமில்லை.

இப்போது வகுப்பில் நுழையுமுன் உளூச் செய்துவிட்டுத் திண்ணையில் அமர்கிறேன். பத்து முறை மூச்சை மெல்ல, நெடிதாக வெளியிடுகிறேன். மூச்சு வெளியேறுகையில் இதயத்துடிப்பு சற்றுத் தணியும். கவலை அதனால் அகல்வதில்லை. கல்லூரிக் கட்டணத்தில் பாதி இன்னும் பாக்கிதான். அச்சிறுவனோ வந்துவிட்டான், அல்ஹம்துலில்லாஹ். அதே இடத்தில் இன்னமும் தடுமாறுகிறான்.