ரோட்டுல நான் வெட்டின குழி

எங்க ஊர்த் தார் ரோடு பிரதமர் கிராம சாலைத் திட்டத்துல வந்தது. போட்ட காண்ட்ராக்டரே அஞ்சு வருசம் பராமரிக்கணும். பலகையில வருசவாரியாத் தொகையே எழுதியிருந்தது. கெடு முடிஞ்ச பிறகும் பராமரிப்புச் செலவு மாநிலத்தோட பொறுப்புதான். இப்ப கிராம சபையில கேட்டா "எஸ்டிமேட் போயிருக்கு"ன்னு பதில்.

டவுன்ல இருக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். ரோட்டைக் கெடுக்கறது கரும்பு லாரி மட்டுமில்ல, தண்ணியும்தான். ஓரத்து மண்ணு உசந்து புல்லு மண்டிட்டா மழைத்தண்ணி வடியாது. வெடிப்புல இறங்கி அடி ஜல்லியை இளக்கிடும். ஓரத்தைச் செதுக்கி, வெடிப்புலயே தார் ஊத்தினா சில்லறைச் செலவு. விட்டா முழுசாப் பேத்துத்தான் போடணும்.

இவ்வளவு பேசற நானும் யோக்கியன் இல்ல. மூணு வருசம் முன்னால, போர்த் தண்ணியை எதிர் வயலுக்குக் கொண்டுபோக, ராத்திரியோட ராத்திரியா ரோட்டை வெட்டி பைப் பதிச்சேன். மேல வெறும் மண்ணைத் தள்ளி மூடினேன். இன்னைக்கு ஊர்லயே பெரிய குழி அதுதான். போன மாசம் பால்காரத் தம்பி கேனோட அதுலதான் விழுந்தான். கை வீங்கிப்போய் என்கிட்டயே வந்து, "அண்ணே, ஒன்றிய ஆபீசுக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க"ன்னான்.

எழுதிக் குடுத்தேன். மறுநாள் சிமெண்டும் ஜல்லியும் வாங்கிக் குழியை நானே அடைச்சேன். வெட்டினது யாருன்னு இங்க எழுதிட்டேன். அவன்கிட்ட இன்னும் சொல்லல.