இரு படிவங்கள்

அமெரிக்காவில் 2024-ஆம் ஆண்டு வருமான வரிக் கணக்கை எழுதப் புகுந்த யான் இரு படிவங்களைக் கண்டு திகைத்தேன். 2010-ஆம் வருடத்துச் சட்டப்படி ஏற்பட்ட ஆரோக்கிய இன்ஷியூரன்ஸ் சந்தை அனுப்பிய 1095-ஏ, பன்னிரு மாதங்களுக்கும் என் பிரிமியத்தில் ஒரு பகுதியைச் சர்க்கார் முன்னரே செலுத்திவந்ததாகக் கூறிற்று. வேலை தந்த கம்பெனியின் 1095-சி-யோ, செப்டம்பர் முதல் யான் அதன் இன்ஷியூரன்ஸில் சேர்ந்திருந்ததைக் காட்டிற்று. இவற்றுள் ஒன்று பிழையாயிருத்தல் வேண்டுமென்று நெடுநேரம் ஆராய்ந்தேன். இரண்டும் மெய்யே! வேலை கிடைத்த களிப்பில் பழைய இன்ஷியூரன்ஸை நிறுத்த மறந்தவன் யானே. 1095-சி-யைக் கணக்குடன் இணைத்தனுப்ப வேண்டுவதில்லை. ஆதலின், அதனை மறந்துவிடலாகாதோவென மனம் சற்றே வாதாடிற்று. (என் மனம் நல்ல வக்கீல்.) மறுநாட் காலை, 8962-ஆம் படிவத்தில் அந்நான்கு மாதங்களுக்குரிய சலுகையை விலக்கிக் கணக்கிட்டு, திருப்பவேண்டிய தொகையைச் செலுத்தினேன். புதுச் சைக்கிள் வாங்கச் சேர்த்திருந்த பணம் அது.