சனி ஞாயிறுக்கு ஒரே தாள்

ஸ்டார் ட்ரெக் ரசிகர்களுக்கென்றே நாளுக்கு ஒரு தாள் கிழிக்கிற மேசைக் காலண்டர் அமெரிக்காவில் விற்கிறார்கள். உள்ளங்கை அகலத்தில் சதுரமாக ஒரு கட்டு. ஒவ்வொரு தாளிலும் ஏதோ ஒரு எபிசோடின் படம், அதற்குக் கீழே இரண்டு வரி. 2025க்கானதை சான் ஹோசேயிலிருந்து வந்த நண்பன் கொண்டுவந்து கொடுத்தான். ஹாஸ்டலில் ஒரே ஹார்ட் டிஸ்க்கை வைத்துக்கொண்டு 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' 178 எபிசோடுகளையும் என்னோடு உட்கார்ந்து பார்த்தவன். செமஸ்டர் அரியர் இருந்த ஆள்தான் இதையும் முழுசாகப் பார்த்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் என் வேலை மேசை. அதற்கு நேர் எதிரே, ஒரு நகைக்கடை கொடுத்த சிவகாசி தினசரி காலண்டர் ஆணியில் தொங்குகிறது. லட்சுமி படம் போட்ட அட்டை, அதில் தடியான தாள் கட்டு. அதைக் கிழிக்கிற உரிமை அப்பாவுக்கு மட்டும்தான். காபிக்கு முன்னால் கிழித்துவிடுவார். கிழித்த தாளைத் தூக்கி எறிய மாட்டார். பின்பக்கம் பால் கணக்குக்கு ஆகும்.

இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தால் அப்படி ஒன்றும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ரெண்டுமே பக்தர்களுக்கான பஞ்சாங்கம்தான். சிவகாசித் தாளில் திதி, நட்சத்திரம், இராகு காலம், சூலம் வடக்கு, பரிகாரம் பால். அடியில் பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு சொல்லில் வாழ்க்கை: லாபம், கவலை, வரவு, அலைச்சல். ட்ரெக் தாளில் விண்மீன் தேதி. பழைய தொடரில் அது சும்மா ஒரு எண். ஏதாவது நான்கு இலக்கம் போட்டு ஒரு புள்ளி வை என்பதுதான் திரைக்கதை எழுதுகிறவர்களுக்குச் சொல்லப்பட்ட விதி. எடுத்த வரிசை வேறு, ஒளிபரப்பிய வரிசை வேறு என்பதால் தேதிகள் முன்னும் பின்னும் குதிக்கும். 'நெக்ஸ்ட் ஜெனரேஷ'னில்தான் ஒரு ஒழுங்கு வந்தது: 41153.7 என்றால் முதல் 4க்கு இருபத்து நாலாம் நூற்றாண்டு, அடுத்த 1க்கு முதல் சீசன். சாஃப்ட்வேர்க்காரனுக்கு இது வெர்ஷன் நம்பர். அப்பாவுக்கு, "இதுல கிழமையே இல்லையேடா."

அப்பாவுக்குக் கிழமை முக்கியம். இரண்டு வருடமாக அவருக்கு நினைவு நழுவிக்கொண்டிருக்கிறது. முதலில் பெயர்கள் போயின, அப்புறம் தெருக்கள். அந்தச் சுவர்க் காலண்டர் அவருக்குக் கைப்பிடிச் சுவர் மாதிரி. காலையில் அதைப் பிடித்துக்கொண்டுதான் நாளுக்குள் இறங்குகிறார். என் மேசையில் இன்னொன்று முளைத்ததும் அதையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். சுவரில் ஒன்று, மேசையில் ஒன்று என்று தினம் இரண்டு தாள் கிழித்தார்.

சிக்கல் என்னவென்றால், அமெரிக்கப் பெட்டிக் காலண்டரில் சனி ஞாயிறு இரண்டுக்கும் சேர்த்து ஒரே தாள். வருடத்துக்கு 313 தாள்தான். வாங்குகிறவர்கள் ஆபீஸ் மேசையில் வைப்பார்கள், வார இறுதியில் யார் கிழிக்கப் போகிறார்கள் என்கிற கணக்கு. ஓய்வுபெற்ற மில் தொழிலாளி கிழிப்பார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஞாயிற்றுக்கிழமையும் அப்பா ஒரு தாள் கிழித்தார். நான் தேதி பார்ப்பது லேப்டாப் ஓரத்தில். ஜனவரி 31 அன்று தற்செயலாகப் பார்த்தால் என் மேசையில் பிப்ரவரி 5. ஆறு தாளில் ஏழு நாள் ஓடுகிற வேகம். இப்படியே விட்டிருந்தால் நவம்பர் 9ஆம் தேதியோடு அந்த வருடத்தை முடித்திருப்பார். வார்ப் வேகம் என்று நண்பனுக்கு மெசேஜ் போட்டுச் சிரித்துக்கொண்டோம்.

சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை. "எந்தக் காலண்டர்டா சரி?" என்று அன்றைக்கு நாலு தடவை கேட்டார்.

அவர் சேர்த்து வைத்திருந்த தாள்களிலிருந்து ஐந்து நாளைப் பொறுக்கி எடுத்து கிளிப் போட்டுத் திரும்ப வைத்தேன். மீதி வார இறுதிகள் 48. அந்த அளவுக்கு 48 வெள்ளைத் தாள் வெட்டி, சிவப்புப் பேனாவால் தேதியும் 'ஞாயிறு' என்றும் எழுதி, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் செருகினேன். படம் இல்லை, வசனம் இல்லை. அந்த வெற்றிடத்தில் அப்பா எழுத ஆரம்பித்தார். 'சங்கு 5.30' என்று ஒன்றில். 'ரெண்டாவது ஷிப்ட், மழை' என்று இன்னொன்றில். எந்த வருடத்து மழை என்று நான் கேட்கவில்லை.

ட்ரெக் ரசிகர்கள் நடக்காததற்கு நாள் குறித்துக் கொண்டாடுகிறவர்கள். ஏப்ரல் 5 அவர்களுக்குப் பண்டிகை. 2063இல் அந்தத் தேதியில்தான் மனிதர்கள் முதல் முறையாக வேற்றுக்கிரகத்தவரைச் சந்திக்கப் போகிறார்களாம். அயோவா மாகாணத்தில் ரிவர்சைடு என்கிற சிற்றூரில் கேப்டன் கிர்க் பிறக்கப்போகும் ஊர் இது என்று கல்லே நட்டிருக்கிறார்கள். அவர் பிறப்பது 2233இல். எனக்கு இதில் கேலி எதுவும் இல்லை. அந்தக் கல்லை ஒரு தடவை தொட்டுப் பார்க்க ஆசைகூட உண்டு.

ஆனால் நடந்ததற்கு? எங்கள் சுவரில் தொங்குவது தமிழ்நாட்டுக்கென்று அச்சடித்தது. அட்டையின் பின்னால் இருக்கும் விடுமுறைப் பட்டியலும் தமிழ்நாட்டுடையது. புதுச்சேரிக்கென்று தனியாகச் சில நாட்கள் உண்டு. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். (178. எங்கள் ஹார்ட் டிஸ்க் எண். இதற்கு ஒரு அர்த்தமும் இல்லை, ஆனால் பார்த்த பிறகு பார்க்காத மாதிரி இருக்க முடியவில்லை.) நவம்பர் 1 நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி முழுதாகக் கைமாறியது 1962 ஆகஸ்ட் 16. ஆகஸ்ட் 15, 16 என்று அடுத்தடுத்து இரண்டு சுதந்திரம் கிடைத்த ஊர் இது.

எங்கள் வீட்டில் இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நாள் உண்டு. 1936 ஜூலை 30. எட்டு மணி நேர வேலைக்காக வேலைநிறுத்தம் செய்த சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் படை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். வ. சுப்பையா தலைமையில் நடந்த போராட்டம். மறு வருடமே எட்டு மணி நேர வேலைநாள் வந்தது. அப்பாவின் அப்பா அன்றைக்கு மில்லுக்குள் இருந்தவர். அப்பா உழைத்த ஒவ்வொரு ஷிப்டும் எட்டு மணி நேரம்தான், அதன் விலை என்ன என்று தெரிந்துதான் உழைத்தார். வருடா வருடம் அன்றைக்குத் தொழிற்சங்கத்தினர் தியாகிகள் சிலைக்கு மாலை போடும்போது இவரும் போய் நிற்பார்.

இந்த ஜூலை 30 புதன்கிழமை. காலையில் டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட். நினைவுப் பரிசோதனை முப்பது மதிப்பெண்ணுக்கு, அதில் காலத்துக்கு மட்டும் ஐந்து: வருடம், பருவம், மாதம், தேதி, கிழமை. சின்ன வயசு டாக்டர், வெளியூர், பொறுமைசாலி.

"ஐயா, இது எந்த வருஷம்?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"சரி, என்ன மாசம்?"

"ஆடி."

"தேதி?"

"பதினாலு. புதன்." கொஞ்சம் நிறுத்தி, "பன்னெண்டு பேரைச் சுட்ட நாளு. இந்நேரம் நான் அங்க இருக்கணும்."

டாக்டர் பேனாவைத் தாளுக்கு மேலேயே பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார். சொன்னேன். தேதிக்கு ஒரு மதிப்பெண் போட்டார். வருடத்துக்குப் போடவில்லை. அதற்கு அந்தத் தாளில் இடமில்லைதான். வரும் வழியில் மாலை வாங்கிக்கொண்டு போனோம். கூட்டம் கலைந்திருந்தது.

ஆடி 18க்குச் சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அது முடிந்த சில நாளில் மாமாவின் ஹார்டுவேர் கடைக்கு ஏஜென்ட் வந்தார். மாமா வருடா வருடம் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க ஆர்டர் செய்வார். அப்பாவும் நானும் அங்கே இருந்தோம். முருகனா பிள்ளையாரா என்று மாமா புரட்டிக்கொண்டிருக்க, அப்பா ஏஜென்டிடம் கேட்டார், "தம்பி, ஜூலை முப்பது தாள்ல சவானா மில்லுன்னு போட முடியுமா?"

"தாள்ல கை வைக்க முடியாதுங்கய்யா, அது எல்லாருக்கும் பொதுவா ஓடுறது. அட்டைல, கடை பேருக்குக் கீழ, என்ன வேணாலும் போட்டுக்கலாம்."

அப்பா மாமாவைப் பார்த்தார். கடை பெயர், இரண்டு போன் நம்பர், பெயின்ட் கம்பெனி முத்திரை எல்லாம் போக அரை அங்குலம் மிஞ்சும்.

"யோசிச்சுச் சொல்றேன் மச்சான்" என்றார் மாமா.