ஐல் ராயல்: டிரவுட் மீன் தப்பிப் பிழைத்த தீவு

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே கிடக்கும் சுப்பீரியர் ஏரியை ஏரி என்று சொல்ல நம்மவர்களுக்கு மனசு வராது. கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியாது. பரப்பு சுமார் 82,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஆழம் அதிகபட்சம் 406 மீட்டர். தண்ணீர் உப்பில்லாத நல்ல தண்ணீர், ஆனால் கோடையிலும் கை விறைக்கும் குளிர்.

இந்த ஏரியின் வடமேற்கில் 72 கிலோமீட்டர் நீளமும் சுமார் 14 கிலோமீட்டர் அகலமுமாகக் கிடக்கிறது ஐல் ராயல் தீவு. ஓஜிப்வே பழங்குடி மக்கள் இதை மினோங் என்பார்கள். மினசோட்டா கரைதான் பக்கம், கனடாவும் பக்கம், ஆனால் தீவு சேர்ந்திருப்பது மிச்சிகன் மாநிலத்தோடு. 1940 முதல் தேசியப் பூங்கா. பாலம் கிடையாது. படகில் போக வேண்டும், அல்லது தண்ணீரில் இறங்கும் சிறு விமானத்தில். நவம்பர் முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை தீவையே பூட்டிவிடுகிறார்கள்.

அங்கே சொந்தப் படகில் போய் 'லேக் டிரவுட்' எனும் ஏரி டிரவுட்டைப் பிடிப்பது அந்தப் பக்கத்து மீன்பிடிக்காரர்களின் நெடுநாள் ஆசை. நீலகிரி அவலாஞ்சியில் வளரும் வானவில் டிரவுட் இதற்குத் தூரத்துச் சொந்தம்தான், இனம் வேறு. ஏரி டிரவுட் மெதுவாக வளரும், முட்டையிடும் பருவத்துக்கு வரவே ஆறேழு வருடம் ஆகும், இருபது வருடத்துக்கு மேலும் வாழும். மெதுவாக வளரும் எதையும் அழிப்பது சுலபம், மீட்பது கஷ்டம். இந்த மீனுக்கும் அதுதான் நடந்தது.

அட்லாண்டிக் கடலில் லாம்ப்ரே என்று ஒரு பிராணி உண்டு. விலாங்கு போல உடம்பு, தாடை கிடையாது, வட்ட வாய் முழுக்கப் பல். மீனின் விலாவில் ஒட்டிக்கொண்டு, சொரசொரப்பான நாக்கால் துளை போட்டு இரத்தத்தை உறிஞ்சும். இரத்தம் உறையாமல் இருக்க அதன் எச்சிலிலேயே மருந்து இருக்கிறது. கடலிலிருந்து மேல் ஏரிகளுக்கு அது வர முடியாதபடி நயாகரா அருவி மறித்து நின்றது. கப்பல் போவதற்காக அருவியைச் சுற்றி வெலண்ட் கால்வாய் வெட்டினார்கள், பிறகு அதை அகலமாக்கி ஆழமாக்கினார்கள். கப்பலுக்குத் திறந்த வழி லாம்ப்ரேவுக்கும் வழியானது. 1921இல் ஈரி ஏரியில் பார்த்தார்கள், 1938இல் சுப்பீரியருக்கே வந்துவிட்டது. ஒரு லாம்ப்ரே தன் உறிஞ்சும் காலத்தில் 18 கிலோ வரை மீனைக் கொன்றுவிடும். மேல் ஏரிகளில் வருடத்துக்கு ஏறக்குறைய 6,800 டன் கிடைத்த டிரவுட், 1960களின் தொடக்கத்தில் 136 டன் அளவுக்குச் சரிந்தது. வலை வீசியவர்களின் பேராசையும் இதில் ஒரு பங்கு, அதை மறைப்பதற்கில்லை.

பயிர்ப்பாதுகாப்பு தெரிந்தவர்களுக்கு அடுத்த பகுதி சுவையாக இருக்கும். லாம்ப்ரே முட்டையிடுவது ஏரியில் அல்ல, ஏரிக்கு வரும் ஓடைகளில். குஞ்சுகள் ஓடைச் சேற்றில் புதைந்து மூன்று நான்கு வருடம், சில சமயம் அதற்கு மேலும் கிடக்கும். அப்போது அவை யாரையும் கடிப்பதில்லை. ஏரியில் பரவிய பிறகு துரத்துவதைவிட, சேற்றில் இருக்கும்போதே அடிப்பது நல்லது என்று முடிவு செய்தார்கள். மிச்சிகனில் ஹாமண்ட் பே ஆய்வு நிலையத்தில் 1950களில் சுமார் 6,000 இரசாயனங்களைச் சோதித்து, லாம்ப்ரே குஞ்சைக் கொல்லும், மற்ற மீன்களைப் பெரும்பாலும் விட்டுவைக்கும் ஒன்றைப் பிடித்தார்கள். அதன் பெயர் டிஎஃப்எம். 1958 முதல் ஓடை ஓடையாக அளந்து விடுகிறார்கள், குறுக்கே தடுப்பணைகளும் உண்டு. லாம்ப்ரே எண்ணிக்கை சுமார் 90 சதவீதம் குறைந்தது. ஆனால் ஒழியவில்லை. 2020, 2021இல் கொரோனாவால் மருந்து விடும் வேலை குறைந்தபோது மீண்டும் தலைதூக்கியது.

ஏரி முழுக்க டிரவுட் அழிந்த அந்த வருடங்களில் நாட்டு இனம் மிஞ்சிய சில இடங்களில் ஐல் ராயலும் ஒன்று. கரையோரம் பல இடங்களில் பண்ணைக் குஞ்சுகளை விட்டுத்தான் மீட்டார்கள். தீவைச் சுற்றி இருப்பது பழைய வித்துதான். அதிலும் ஒரே மாதிரி மீன் இல்லை. மேலே திரியும் மெலிந்த 'லீன்' வகை, ஆழத்தில் வாழும் 'சிஸ்கோவெட்' வகை, நடு ஏரித் திட்டுகளை ஒட்டிய இன்னொரு வகை. சிஸ்கோவெட்டில் கொழுப்பு அவ்வளவு அதிகம், வறுக்கப் போட்டால் சட்டியில் அதுவே எண்ணெய் விடும். புகை போட்டுத்தான் சாப்பிடுவார்கள். தசையில் பாதரசமும் கொழுப்பில் பிசிபி போன்ற நச்சுகளும் சேருவதால் மாதத்துக்கு எத்தனை முறை சாப்பிடலாம் என்று அரசே அட்டவணை போட்டிருக்கிறது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அதைப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும்.

மே, ஜூன் மாதங்களில் ஏரி முழுதும் ஒரே குளிராக இருக்கும். அப்போது டிரவுட் மேல்மட்டத்திலேயே, பாறைக் கரையை ஒட்டி நிற்கும். சாதாரணத் தூண்டிலே போதும். ஜூலை, ஆகஸ்டில் மேல்நீர் சூடேறினால் கீழே இறங்கிவிடும். அப்போது எஃகுக் கம்பியில் கட்டிய கனமான குண்டைத் தொங்கவிட்டு, அதோடு தூண்டில் நூலை இறக்குவார்கள். படகு ஆள் நடக்கும் வேகத்தில் நகர வேண்டும். பின்னால் கரண்டி வடிவத் தகடு மின்னிக்கொண்டு வரும், மீன் அதை ஹெரிங் குஞ்சு என்று நினைத்துக் கவ்வும். இலையுதிர் காலத்தில் முட்டையிட மறுபடி பாறைத் திட்டுக்கு ஏறும்.

பயணத் திட்டத்தில் மீனைவிடப் பெரிய விஷயம் ஏரியைக் கடப்பதுதான். மினசோட்டாவின் கிராண்ட் போர்ட்டேஜிலிருந்து தீவின் மேற்குமுனையான விண்டிகோவுக்குச் சுமார் 35 கிலோமீட்டர். மிச்சிகனின் காப்பர் ஹார்பரிலிருந்து கிழக்குமுனையான ராக் ஹார்பருக்குச் சுமார் 90 கிலோமீட்டர் திறந்த நீர். இருபது அடிக்குக் குறைந்த படகில் கடக்க வேண்டாம் என்று பூங்காவே எச்சரிக்கிறது. அப்படிப்பட்ட சிறுபடகை ஹாட்டனிலிருந்து போகும் ரேஞ்சர் III கப்பலில் ஏற்றிவிடலாம். ஆறு மணி நேரம் ஆகும், ஆனால் உயிர் பத்திரம். காலையில் கண்ணாடி போல இருக்கும் நீர் மதியத்துக்குள் மலை போல எழும் ஏரி இது. 1975 நவம்பரில் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற பெரிய சரக்குக் கப்பலே 29 பேரோடு இதில் மூழ்கியது. கோடையில் மூடுபனி வேறு. தவறி விழுந்தால் நீச்சல் தெரிவது உதவாது, குளிரில் சில நிமிடத்திலேயே கை கால் கேட்காது. அதனால் மிதவைச் சட்டையைப் பெட்டிக்குள் வைக்காமல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கைப்பேசியை நம்ப முடியாது, கடல் வானொலி கட்டாயம். எரிபொருள் விண்டிகோவிலும் ராக் ஹார்பரிலும் மட்டும், அதுவும் பருவ காலத்தில். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு என்று கணக்கு வைப்பார்கள். விடுப்பு எடுக்கும்போது காற்றுக்காக ஓரிரு நாள் உபரியாக எடுத்துக்கொள்வதும் வழக்கம். திங்கட்கிழமை வேலைக்குப் போயாக வேண்டும் என்ற அவசரம்தான் பலரைத் தவறான நேரத்தில் படகேற்றுகிறது.

மினசோட்டாவிலிருந்து வருபவர் சறுக்கும் இடம் இன்னொன்று: தீவைச் சுற்றிய சுப்பீரியர் நீரில் செல்லுவது மிச்சிகன் மீன்பிடி உரிமம். தீவுக்குள் இருக்கும் சிறு ஏரிகளுக்கு உரிமம் வேண்டாம், ஆனால் உயிர் இரை கூடாது, செயற்கை இரை மட்டும். தீவின் கடிகாரமும் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். நாயைக் கொண்டுபோகவே கூடாது. அங்குள்ள ஓநாய்களுக்கு நோய் தொற்றிவிடும் என்ற பயம்.

விண்டிகோவுக்குள் நுழையும் வழியில் 'அமெரிக்கா' என்ற கப்பல் நீருக்கடியில் கிடக்கிறது. அதன் முகப்பு மேல்மட்டத்துக்குச் சில அடி கீழேதான், மேலே மிதவை கட்டியிருக்கிறார்கள். தீவில் குடியிருந்த மீனவர்களுக்குச் சரக்கும் கடிதமும் கொண்டுவந்து, அவர்கள் பிடித்த மீனை ஏற்றிப்போன கப்பல் அது. 1928 ஜூனில் பாறையில் மோதி மூழ்கியது. ஆட்கள் அனைவரும் தப்பினார்கள், ஒரு நாய் மட்டும் போய்விட்டது.

அந்த மீனவர்கள் பெரும்பாலும் நார்வே, சுவீடனிலிருந்து குடியேறியவர்கள். தீவு பூங்காவானபோது பலருக்கு ஆயுள் குத்தகை கொடுத்தார்கள். இருக்கும்வரை இருக்கலாம், பிள்ளைகளுக்குப் போகாது. கொஞ்ச வருடத்தில் லாம்ப்ரே மீனையும் கொண்டுபோனது. நிலம் ஒரு பக்கமும் மீன் ஒரு பக்கமும் போக, குடிசைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ராக் ஹார்பர் பக்கத்தில் எடிசன் என்ற மீனவக் குடும்பத்தின் குடிலும் வலைக்கூடமும் மட்டும் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. 1855இல் கட்டிய கலங்கரை விளக்கம் அதன் பக்கத்திலேயே நிற்கிறது. மீன் பிடிக்கப் போகிறவர் அரைநாள் தூண்டிலை மூட்டை கட்டிவிட்டு அதையும் பார்த்துவரலாம்.

திரும்பியதும் படகை அடுத்த ஏரியில் உடனே இறக்கக் கூடாது. முள்வால் நீர்ப்பூச்சி என்று ஓர் அந்நியப் பூச்சி தூண்டில் நூலில் பஞ்சு போல ஒட்டிக்கொண்டு வரும். நூலைத் துடைத்து, படகின் அடித்தண்ணீரை வடித்து, சுடுநீரில் கழுவி, ஐந்து நாளாவது வெயிலில் காயவிட வேண்டும்.