ஹீட்டரில் வந்த குளிர்காற்று

கனடாவில் ஜாஸ்பர் மலைப்பக்கம், மகள் குடும்பத்தோடு மோட்டார் வீட்டில் தங்கியிருந்தேன். (வண்டிக்குள்ளேயே அடுப்பு, படுக்கை எல்லாம் உண்டு!) நடுநிசியில் பார்த்தால் பேரனின் கை ஐஸாய்ச் சில்லிட்டிருக்கிறது. ஹீட்டர் விசிறி முனகுகிறது, வருவதோ குளிர்காற்று.

"காஸ் அடுப்பைப் பற்றவைக்கட்டுமா, அத்தை?"

"ஐயோ, வேண்டவே வேண்டாம், மாப்பிள்ளை!"

மூடிய வண்டிக்குள் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு சேருமே! வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். குழந்தையைக் கம்பளியோடு மார்பில் அணைத்துக்கொண்டேன்.

மகளுக்குத்தான் பொறி தட்டியது. மாலையெல்லாம் விளக்கு எரிந்து 12 வோல்ட் பாட்டரி இறங்கிவிட்டது! விசிறி வேகம் குறைந்தால் பாதுகாப்பு சுவிட்ச் காஸைத் திறக்க விடாதாம். எஞ்சினைக் கிளப்பினோம். விசிறி வேகம் பிடித்தது, 'டிக் டிக்'... குப்பென்று தீ பற்றியது. பேரன் கை சூடேற அரைமணி ஆயிற்று.

பாட்டரி ஏறியதும் எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் படுத்தோம். அதன் புகையிலும் அதே விஷம்தானே!