எட்டணா அளவு

அக்டோபர் 21
அம்மாவின் வலது காலில், பெருவிரலுக்குக் கீழே புண். எட்டணா அளவு. எப்போது வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. தரையில் ரத்தக்கறை பார்த்து நான்தான் செருப்பைத் திருப்பினேன். உள்ளே ஒரு ஆணி துருத்திக்கொண்டு நின்றது. அதை மிதித்துக்கொண்டே எத்தனை நாள் தேவனேரியிலிருந்து மாமல்லபுரம்வரை மீன்கூடையோடு நடந்தாளோ! பன்னிரண்டு வருஷத்து சர்க்கரை.

அக்டோபர் 24
செங்கல்பட்டு ஆஸ்பத்திரி. டாக்டர் நைலான் இழை ஒன்றை எடுத்து, அது வளைகிற வரைக்கும் பாதத்தில் அங்கங்கே அழுத்தினார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "தொடுங்க, சொல்றேன்" என்றாள். அவர் அதற்குள் நாலு இடம் தொட்டு முடித்திருந்தார். வலைத் தங்கூசியைத் தடவிப் பார்த்தே எந்த வலை என்று சொல்லுகிறவள்.

அப்புறம் சிஸ்டர் பிளேடால் புண்ணைச் சுற்றியிருந்த காய்ப்பைச் சீவினார். மெழுகுபோலச் சுருள் சுருளாக வந்தது. மஞ்சளாக ஒட்டியிருந்த செத்த சதையையும் இடுக்கியால் எடுத்தார். ரத்தம் கசிந்ததும் "இதுதான் வேணும்" என்றார். காய்ப்பு இருந்தால் கல்லை மிதிக்கிற மாதிரியாம். அடியில் புண் பெருகிக்கொண்டே போகுமாம். அம்மா அவரிடம் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். தலை சுற்றியது எனக்குத்தான்.

"அந்தக் காலைக் கீழ ஊனவே கூடாதும்மா."
"சரி சிஸ்டர்."

அக்டோபர் 25
பக்கத்து வீட்டு அத்தை குப்பைமேனி என்கிறாள். சித்தப்பா வேப்பெண்ணெய். எல்லாருக்கும் என்ன போடுவது என்பதுதான் கவலை. எனக்கும்.

அக்டோபர் 31
மழை. கட்டு நானே மாற்றினேன். புண்ணைக் காயவிட்டால் ஆறும் என்று நினைத்திருந்தேன். தப்பாம். சலைனில் கழுவி, ஈரம் காயாமலும் ஊறிப்போகாமலும் மூடி வைக்க வேண்டுமாம். சோறு வடிக்கிற பக்குவம்தான்.

நவம்பர் 7
2.4 செ.மீ. இருந்தது 1.6 ஆகியிருக்கிறது. சிஸ்டர் பேப்பர் ஸ்கேல் வைத்து அளந்தார். பத்து நாளாகக் கடல் கொந்தளிப்பு, படகே இறங்கவில்லை. வீட்டில் காசில்லை. புண் மட்டும் நன்றாக இருக்கிறது.

நவம்பர் 13
எம்.சி.ஆர். என்கிற மெத்து ரப்பர் செருப்பு வாங்கி வந்தேன். அம்மா தொடவில்லை. "திருமணி செருப்பு" என்று தள்ளிவிட்டாள். செங்கல்பட்டை ஒட்டிய திருமணி தொழுநோய் ஆஸ்பத்திரி. எங்கள் பக்கம் அந்தப் பேரைச் சொன்னாலே ஜனங்கள் நகர்ந்து உட்காருவார்கள். சண்டை.

ராத்திரி தூக்கம் வராமல் அதைப் பற்றிப் படித்தேன். 1947இல் வேலூரிலிருந்து பால் பிராண்ட் என்ற எலும்பு டாக்டர், தொழுநோய் டாக்டர் ராபர்ட் காக்ரேனைப் பார்க்கச் செங்கல்பட்டு வந்திருக்கிறார். அங்கே மடங்கிப்போன கைகளைப் பார்த்ததுதான் தொடக்கம். சதை தானாக அழுகுவதில்லை, வலி தெரியாததால்தான் கையும் காலும் தேய்ந்துபோகின்றன என்று பிற்பாடு காட்டினார். தொழுநோயாளிகளுக்கென்று பழக்கத்துக்கு வந்த அந்த ரப்பர்தான் இப்போது சர்க்கரைக்காரர்கள் காலுக்கும். அம்மா சொன்னது ஒரு வகையில் சரி. அவளிடம் ஒத்துக்கொள்ளவில்லை.

நவம்பர் 19
2.1.
"நடந்தீங்களா?"
"இல்ல சிஸ்டர்."
எனக்கு மருந்துக்கடை காஸ் மேல்தான் சந்தேகம்.

நவம்பர் 20
காலையில் கட்டைப் பிரித்தேன். கடைசிச் சுற்றில், காஸோடு ஒட்டிக்கொண்டு, நகத்தளவு ஒரு கொடுவாச் செதில். வெளிச்சத்தில் பளபளத்தது. அம்மாவும் பார்த்தாள்.

"பூனை கொண்டாந்திருக்கும்."

போன தடவை ஆட்டோவுக்கு அவள் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்த ஐந்நூறு ரூபாய் நோட்டு ஞாபகம் வந்தது. நான் ஏது என்று கேட்கவில்லை. செதிலைத் துடைத்துவிட்டுப் புதுக்கட்டு போட்டேன். அவளுக்கு அப்போதும் வலிக்கவில்லை.

நவம்பர் 21
ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

நவம்பர் 28
மாவுக்கட்டு போடலாம் என்கிறார் டாக்டர். பாதத்தோடு ஒட்டி முழங்காலுக்குக் கீழ்வரை. உடம்புப் பாரம் கால் முழுக்கப் பரவிப் புண் தப்பிக்குமாம். இதுவும் தொழுநோய்க்காரர்களுக்குப் போட்ட கட்டுதான்; நான் வாயைத் திறக்கவில்லை.

"போட்டா நடக்கலாமா?" என்றாள் அம்மா. இத்தனை நாளில் அவளாகக் கேட்ட முதல் கேள்வி.

"கொஞ்சம் நடக்கலாம். தண்ணி படக் கூடாது."

மீன் ஏலம் நடப்பது அலை ஏறுகிற மணலில். அம்மா என்னைப் பார்த்தாள். "யோசிச்சு சொல்றோம் டாக்டர்" என்றேன். சிஸ்டரிடம் செதிலைப் பற்றிச் சொல்லவில்லை.

டிசம்பர் 2
புயல் சின்னமாம். படகுகளை மேட்டுக்கு இழுத்துக் கட்டிவிட்டார்கள். அம்மா திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து கடலைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.