உப்புத் துணி

என் சின்ன வயதில் டிசம்பர் பிறந்துவிட்டால் போல்காட்டித் தீவுக்கு எதிரே வெளிநாட்டுப் பாய்ப்படகுகள் வந்து நங்கூரம் போடும். பெரிய கப்பல் ஒன்றும் இல்லை. முப்பது நாற்பது அடி நீளம், ஒற்றைப் பாய்மரம், உள்ளே பெரும்பாலும் ஒரு புருஷனும் பெண்சாதியும். செங்கடல் வழியாக மும்பை வந்து, அங்கிருந்து கரையை ஒட்டியே கோவா, கார்வார், மங்களூர் என்று கொச்சிக்கு இறங்குவார்கள். அந்த மாதங்களில் ராத்திரியும் விடியலிலும் கரைக்காற்று. மதியத்துக்கு மேல் கடலிலிருந்து வடமேற்குக் காற்று. இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடிக்கத் தெரிந்தால் எஞ்சினைத் தொடவே வேண்டாம் என்பார் நான் சொல்ல வந்த டச்சுக்கார சாயிப்பு. காற்றைப் பற்றி எங்கள் வீட்டில் யாருக்கும் கவலை இல்லை. கடலில் வந்தவர்களிடம் அழுக்குத் துணி நிறைய இருக்கும் என்பதுதான் எங்களுக்கு வேண்டிய செய்தி.

ஃபோர்ட் கொச்சியில் வெளி மைதானத்துப் பக்கம் இருக்கிறது நாங்கள் துணி துவைக்கும் தோபி கானா. 1976இல் வளர்ச்சி ஆணையம் கட்டிக்கொடுத்த வரிசைத் தொட்டிகள், குடும்பத்துக்கு ஒன்று. அதற்கு முன்னால் குளம்தான். சுற்றிலும் மலையாளம், தொட்டிக்குள் இறங்கிவிட்டால் தமிழ். டச்சுக்காரன் தன் பட்டாளத்துச் சட்டை துவைக்கத் தமிழ்நாட்டிலிருந்து எங்கள் ஆட்களைக் கொண்டுவந்தான் என்று தாத்தா சொல்வார். கொண்டுவந்தது இங்கிலீஷ்காரன் என்று வாதாடும் கிழவர்களும் உண்டு. தாத்தா டச்சுக் கட்சி.

அந்தச் சாயிப்பும் மதாம்மாவும் எண்பதுகளின் கடைசியில் வந்தவர்கள். எனக்குப் பத்து வயதிருக்கும். ரப்பர் படகில் போல்காட்டித் துறைக்கு வந்து, எர்ணாகுளம் போய், அங்கிருந்து இன்னொரு போட் பிடித்து, இரண்டு பெரிய கான்வாஸ் பைகளைத் தோளில் சுமந்து வந்து நின்றார்கள். அப்பா பையைப் பிரித்து ஒரு படுக்கை விரிப்பின் ஓரத்தை நாக்கில் வைத்துப் பார்த்தார். மதாம்மா முகம் சுளித்தாள்.

"உப்பு. காஞ்ச மாதிரி இருக்கும், ராத்திரி ஈரக்காத்து பட்டா திரும்பவும் பிசுபிசுக்கும். கடல் தண்ணியிலயே அலசியிருக்காங்கடா," என்றார் என்னிடம். படகில் நல்ல தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும்தான். அவர் சொன்னதை நான் பள்ளிக்கூட இங்கிலீஷில் சொன்னதும் அந்த அம்மாளுக்கு ஒரே ஆச்சரியம். நல்ல தண்ணீரில் ஊறப்போட்டுப் பிழிவது, மறுபடி ஊறப்போடுவது, ஒவ்வொரு தடவையும் ஓரத்தை நாக்கில் தொட்டுப் பார்ப்பது என்று போயிற்று வேலை. உப்பு முழுக்க இறங்காமல் அப்பா சோப்பைத் தொடவில்லை.

துணிக்குச் சேராங்கொட்டைப் பாலில் குறி போடுவதையும், கயிற்றில் உலர்த்துவதையும் சாயிப்பு குனிந்து குனிந்து பார்த்தார். எங்கள் கொடியில் கிளிப்பு கிடையாது. இரண்டு கயிற்றைச் சேர்த்து முறுக்கிக் கட்டியிருக்கும். முறுக்கைக் கொஞ்சம் நெகிழ்த்தித் துணியின் முனையைச் செருகினால் எந்தக் காற்றுக்கும் விடாது. அவர் தானே நாலைந்து சட்டையைச் செருகிவிட்டு, இதைப் படகிலும் கட்டப்போகிறேன் என்றார். கயிற்றோடேயே வாழ்கிற மனுஷர், அவருக்கே தெரியாத முடிச்சு எங்களிடம் இருக்கிறது என்று அன்றைக்கெல்லாம் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் வந்ததுதான் பெரிய வேடிக்கை. படகின் முன்னால் கட்டுகிற ஆரஞ்சும் நீலமுமான நைலான் பாயைக் கொண்டுவந்துவிட்டார்கள். எடையே இல்லை, ஆனால் விரித்தால் முடிவில்லாமல் வந்தது. அப்பா வழக்கம்போல் முறுக்கித் தலைக்கு மேல் ஓங்கினார். மதாம்மா போட்ட சத்தத்தில் பக்கத்துத் தொட்டிகளிலெல்லாம் வேலை நின்றது. அடிக்கக் கூடாது, முறுக்கக் கூடாது, வெயிலில் அதிகம் போடக் கூடாது, இஸ்திரி கூடவே கூடாது. "அப்ப எதுக்கு வண்ணான்கிட்ட கொண்டாந்தாங்க?" என்றார் அப்பா. நியாயமான கேள்வி. சும்மா அலசி மைதானத்தில் விரித்தோம். ஊரே கூடி விட்டது.

தாத்தா அப்போதுதான் எழுந்து வந்தார். "டச்சுக்காரங்களா? எங்க பாட்டன் பூட்டன் உங்க பட்டாளத்துக்குத் துவைச்ச கூலியில பாக்கி இருக்கும், கேட்டுப் பாருடா." நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். சாயிப்பு சிரிக்காமல், எவ்வளவு என்று கேட்டார். 1663இல் வந்தவர்கள் 1795 வரை இருந்தார்கள் என்று அவரே கணக்கும் எடுத்துக்கொடுத்தார். தாத்தா விரலை மடக்க ஆரம்பித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு ஊர் காட்டுகிற வேலை எனக்கு. செயின்ட் பிரான்சிஸ் சர்ச்சில் வாஸ்கோ ட காமாவைப் புதைத்த கல்லை எல்லோரும் பார்ப்பார்கள். 1524இல் புதைத்தார்கள், 1539இல் எலும்பைப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வெறும் குழிக்குக் கம்பி வேலி போட்டிருப்பது எனக்கு அப்போதே வேடிக்கையாகத்தான் இருந்தது. மதாம்மா அங்கே நிற்கவில்லை. சுவரில் பதித்த டச்சுக் கல்லறைக் கற்களை விரலால் தடவி வாய்விட்டுப் படித்தாள். பிறகு சர்ச்சுக்காரரிடம் சாவி வாங்கிக் கடலோர டச்சுக் கல்லறைக்குப் போனோம். 1724லிருந்து இருக்கிற இடம். பூட்டிக் கிடக்கும், எங்களுக்கு அது பந்து விழுந்தால் திரும்பி வராத சுவர். ஒரு கல்லில் பாசியைக் கைக்குட்டையால் துடைத்துக் குனிந்து படித்தவள், வயதைக் கணக்குப் போட்டுப் புருஷனிடம் ஏதோ சொன்னாள். எனக்குப் புரிந்தது 'மூன்று' மட்டும்தான். மூன்று வயதா, மூன்று மாதமா என்று கேட்க வாய் வரவில்லை.

சாயிப்புக்குக் கல்லறையில் பொறுமை இல்லை. சீனவலைக்குப் போனதும்தான் உயிர் வந்தது. பெரிய கற்களைக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்ட அந்தப் பாரம் ஒரு பக்கம், வலை மறுபக்கம். கற்கள் ஒவ்வொன்றாகத் தரை தட்டத் தட்ட வலை மேலே ஏறுவதை வெயிலில் நின்று பார்த்தார். ஏறி இழுத்தும் பார்த்தார். ஏறி வந்தது நாலு பொடி மீனும் ஒரு கட்டு ஆகாயத்தாமரையும். ஏற்றவற்றத்தில் அடித்துவரும் அந்தச் செடிதான் அவருக்கு எதிரி. நங்கூரச் சங்கிலியில் வந்து குவிந்து படகையே இழுக்கிறதாம். மட்டாஞ்சேரியில் யூதப் பள்ளியின் நீலச் சீனத்து ஓடுகளை வெறுங்காலோடு மிதித்தோம். ஒன்றைப் போல் ஒன்று இல்லை என்பதைச் சரிபார்ப்பதிலேயே என் நேரம் போனது.

திரும்பி வந்தபோது துணி தயார். பாயைத் தவிர எல்லாவற்றுக்கும் அப்பா கஞ்சி போட்டிருந்தார், சாயிப்பின் உள்பனியன் உட்பட. மட்டைபோல விறைத்த அதைத் தட்டிப் பார்த்துவிட்டு மதாம்மா சிரித்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கேட்ட கூலிக்கு மேலேயே கொடுத்தார்கள். தாத்தாவின் பழைய பாக்கிக்கு ஒரு டச்சு நாணயம். அதைக் கடைசிவரை அவர் மடியிலிருந்து இறக்கவில்லை.

அடுத்த டிசம்பரில் வேறு படகுக்காரர்கள் காகிதத்தில் எழுதிய எங்கள் பெயரோடு வந்து நின்றார்கள். அதற்கடுத்த வருஷமும் வந்தார்கள். அப்பா உப்புத் துணிக்கு ஒன்றரைப் பங்கு கூலி கேட்க ஆரம்பித்தார். பாய் துவைப்பதற்கு மட்டும் கடைசிவரை கை நீட்டவில்லை. அடிக்காமல் துவைத்தது துவைத்ததே இல்லை, அதற்குக் காசு வாங்கக் கூடாது என்பது அவர் கட்சி.